மரபுரிமையாக வந்த மிதிவண்டிக்கு யார் விலை சொல்வது?

புனே நகரத்தின் ஜூனா பஜார் புதன்கிழமைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கூடுகிறது. தாத்தா விட்டுச் சென்ற ஒரு கறுப்பு ராலே மிதிவண்டியை அத்தகைய சந்தைக்குள் ஒருவர் உருட்டிக்கொண்டு போனால் மூன்று வகையான விலைகள் அவர் காதில் விழும். பழைய இரும்பு வாங்குபவர் எடைக்கு விலை சொல்வார். வீட்டில் நிறுத்திய அந்நாளைய வண்டி சுமார் 20 கிலோ இருக்கும். கணக்கு நொடியில் முடிந்துவிடும். உதிரிபாக வணிகர் வண்டியைப் பார்க்கமாட்டார். இருக்கையையும் விளக்கையும் பின்சக்கர அச்சையும் மட்டும் பார்ப்பார். சேகரிப்பாளர் முதலில் விலையே சொல்லமாட்டார். குனிந்து, இருக்கைக்குழாயின் அடியில் கைக்குட்டையால் துடைத்து, எண் ஏதும் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று தேடுவார். இம்மூவரில் வரலாற்று ஆய்வாளருக்கு மிக நெருங்கியவர் மூன்றாமவரே. அவர் செய்வது விலைபேசுதல் என்பதைவிடச் சான்றாய்வு என்பதே பொருந்தும்.

பழைய மிதிவண்டியின் மறுவிற்பனை மதிப்பு என்பது இன்று பெரும்பாலும் தவறான ஒப்பீட்டில் தொடங்குகிறது. வாரிசுகள் இணையத்தில் ‘ராலே’ என்று தேடி, இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ கேட்கப்படும் ஒரு தொகையைக் கண்டு, அதை ரூபாயாக்கிக்கொள்கிறார்கள். இதில் இரண்டு பிழைகள் உள்ளன. கேட்கப்படும் விலை வேறு, கைமாறிய விலை வேறு. முன்னது விருப்பத்தின் பதிவு, பின்னதே சந்தையின் பதிவு. இரண்டாவது பிழை இன்னும் பெரியது. அந்நாடுகளில் உயர்விலை பெறுபவை சாலைப் பந்தய வண்டிகள்: வளைந்திறங்கும் கைப்பிடி, ரெனால்ட்ஸ் 531 என்ற மெல்லிய மாங்கனீசு எஃகுக் குழாய், காம்பனோலோ போன்ற இத்தாலிய நிறுவனத்தாரின் பல்சக்கர மாற்றி ஆகியவை கொண்டவை. ரெனால்ட்ஸ் 531 குழாய் 1935இல் வந்தது. அக்குழாயில் செய்த சட்டகத்தில் அதன் பெயர்ச்சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். இந்திய வீடுகளின் திண்ணைகளில் நின்றவை பெரும்பாலும் அவையல்ல. 28 அங்குலச் சக்கரம், கம்பிகளால் இயங்கும் பிரேக்கு, நிமிர்ந்து உட்காரும் கைப்பிடி, சங்கிலி மூடி, பின்னால் ஒரு கேரியர் என அமைந்த ‘ரோட்ஸ்டர்’ வகையே இங்கு ஆட்சி செய்தது. ரோட்ஸ்டருக்கும் ரோடு பைக்குக்கும் பெயரில் உறவுண்டு, விலையில் இல்லை. ராலே நிறுவனம் 1950களின் தொடக்கத்தில் ஆண்டுக்குப் பத்து லட்சம் வண்டிகள் என்ற அளவை எட்டியது என்பதை நினைவிற்கொண்டால், ‘பழையது, ஆகவே அரியது’ என்ற வாதம் எவ்வளவு பலவீனமானது என்பது தெளிவாகும்.

ஆக, முதற்கேள்வி விலை பற்றியதன்று. இது எந்த வண்டி, எந்த ஆண்டினது, எங்கே செய்யப்பட்டது என்பதே. குடும்ப நினைவு இங்கே நம்பத்தகாத சாட்சி. ‘வெள்ளைக்காரன் காலத்து வண்டி’ என்பது எல்லாக் குடும்பங்களிலும் சொல்லப்படும் வாக்கியம். ஆனால் வண்டியின் உடல் வேறு செய்தி சொல்லக்கூடும்.

பின்சக்கர அச்சில் தொடங்கலாம். அது ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனத்தின் மூவேக அச்சாக இருந்தால், 1930களின் பிற்பகுதி முதல் அதன் உருளையில் ஆண்டைக் குறிக்கும் எண் பொறிக்கப்பட்டது. பின்னர் மாதமும் சேர்ந்தது. ‘52 7’ என்றிருந்தால் 1952 ஜூலை. கல்வெட்டில் ஆட்சியாண்டைக் கண்ட மகிழ்ச்சி இதில் கிடைக்கும். ஆயினும் எச்சரிக்கை வேண்டும்: அந்த எண் அச்சின் பிறந்தநாளே தவிர வண்டியின் பிறந்தநாள் அன்று. சக்கரம் மாற்றப்பட்டிருக்கலாம். ஆகவே ஆரக்கால்களை எண்ணவேண்டும். பழைய பிரித்தானிய வழக்கப்படி முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40. இந்த எண்ணிக்கை பொருந்தினால் சக்கரங்கள் ஒரே மரபைச் சேர்ந்தவை என்று கொள்ள ஓரளவு ஆதாரம் உண்டு. சட்டக எண், பல்சக்கரத்தில் வெட்டப்பட்ட உருவம் (ராலேயில் நாரைத்தலை, ரட்ஜில் விரிந்த கை), புரூக்ஸ் தோலிருக்கையின் பக்கத்தில் அழுத்தப்பட்ட முத்திரை, லூகாஸ் விளக்கின் பெயர்த்தகடு ஆகியவை அடுத்தடுத்த சாட்சிகள். ஒன்று மற்றொன்றை மறுத்தால், எது பின்னர் வந்தது என்று கேட்கவேண்டும்.

இதன்பின் வருவது இந்திய வரலாற்றுக்கே உரிய சிக்கல். தலைப்பட்டையில் ராலே என்றிருப்பதால் மட்டும் வண்டி நாட்டிங்ஹாமில் பிறந்ததாகிவிடாது. சுதிர் குமார் சென் முன்னெடுத்த சென்-ராலே தொழிற்சாலை 1950களின் தொடக்கத்தில் வங்கத்தின் அசன்சோலில் உற்பத்தியைத் தொடங்கியது. முருகப்பா குழுமமும் பிரித்தானிய டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து 1949இல் அமைத்த டி.ஐ. சைக்கிள்ஸ், சென்னையை அடுத்த அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்தது; 1964 முதல் பி.எஸ்.ஏ. பெயரும் அங்கிருந்து வந்தது. மூன்று துப்பாக்கிகள் சாய்ந்து நிற்கும் பி.எஸ்.ஏ. முத்திரை பர்மிங்ஹாம் ஆயுதத் தொழிற்சாலையின் மரபு. அதே பெயரைத் தாங்கிய வண்டி அம்பத்தூர் தொழிலாளர் ஒருவர் கையில் முடிந்ததாகவும் இருக்கலாம். விடுதலைக்குப் பிறகு பாதுகாப்புச் சுங்கமும் இறக்குமதிக் கட்டுப்பாடும் இறுகியதால், 1950களின் நடுப்பகுதிக்குப் பின் வாங்கப்பட்ட ‘இங்கிலீஷ்’ வண்டிகளில் பல இந்திய வண்டிகளே.

சேகரிப்புச் சந்தை இதைக் குறையாகக் கருதுகிறது. ‘மேட் இன் இங்கிலாந்து’ என்ற எழுத்து தெளிவாக இருந்தால் விலை ஏறும். அசன்சோல் என்று தெரிந்தால் இறங்கும். காலனிய காலத்து மதிப்புப்படிநிலை அப்படியே இன்றைய விலைப்பட்டியலில் உறைந்திருக்கிறது. ஆய்வாளரின் தராசு எதிர்ப்பக்கம் சாயவேண்டியிருக்கிறது. நாட்டிங்ஹாம் வண்டிகள் உலகமெங்கும் அருங்காட்சியகங்களில் உள்ளன. 1980இல் அரசுடைமையாகி, சைக்கிள் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா ஆகி, பிறகு நொடித்துப்போன ஓர் ஆலையின் முதலாண்டு வண்டிகள், திருத்தப்படாத வண்ணத்துடன், எத்தனை எஞ்சியிருக்கும்? நேருகாலத் தொழில்மயமாக்கலைப் பற்றி எழுதுவோர் இரும்பாலைகளையும் அணைகளையும் விடாமல் எழுதுகிறார்கள். அக்காலத்துக் குமாஸ்தா உண்மையில் தொட்டு உணர்ந்த தொழில்மயமாக்கல் இந்த வண்டிதான்.

டேவிட் அர்னால்டின் ‘எவ்ரிடே டெக்னாலஜி’ (2013) என்ற நூல் மிதிவண்டி, தையல் எந்திரம், தட்டச்சுப்பொறி, அரிசி ஆலை ஆகிய சிறு எந்திரங்களின் வழியே இந்திய நவீனத்தைப் படிக்கக் கற்றுத்தந்தது. இறக்குமதிப் பொருளாக வந்த மிதிவண்டி எவ்வாறு இந்தியரின் பொருளாக மாறியது என்ற கேள்வியை அது முன்வைத்தது. அக்கேள்விக்கான விடையின் ஒரு பகுதி காகிதக் காப்பகங்களில் இல்லை. வண்டிகளின் மேலேயே இருக்கிறது. மாற்றப்பட்ட உதிரிபாகங்களைப் பாருங்கள். பிரிவினைக்கு முன்பே கமாலியாவிலிருந்து அமிர்தசரசுக்கு வந்து, பின்னர் லூதியானாவில் வேரூன்றிய முஞ்சால் சகோதரர்கள் உதிரிபாக வணிகராகத்தான் தொடங்கினார்கள். அவர்களது ஹீரோ சைக்கிள்ஸ் 1956இல் முதலாண்டில் 639 வண்டிகளைச் செய்தது. 1986இல் உலகின் மிகப்பெரிய மிதிவண்டி உற்பத்தியாளர் என்று கின்னஸ் பதிவில் இடம்பெற்றது. லூதியானாவின் சிறுபட்டறைகள் பெடலும் மட்கார்டும் ஆரமும் செய்து நாடெங்கும் அனுப்பியதால்தான் இறக்குமதி நின்றபின்னும் பழைய பர்மிங்ஹாம் வண்டிகள் ஓடின.

மேலைநாட்டு விலைக்கையேடுகளின்படி, மாற்றிய ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு கழிவு உண்டு. எல்லாம் ஆதியில் இருந்தவாறே இருப்பதுதான் அங்கே உயர்தரம். அந்த அளவுகோலை இங்கே வைத்தால், அறுபதாண்டு உழைத்த வண்டி தோற்கும். வாங்கியபின் கொட்டகையில் போட்டு மறந்த வண்டி வெல்லும். 1948இல் வந்த ஒரு சட்டகத்தில் லூதியானாப் பெடலும், உள்ளூர்க் கொல்லர் பற்றவைத்த கேரியரும், பால்கேன் தொங்கவிட வளைத்த கொக்கியும் இருந்தால், அதன் சந்தை விலை குறைவு. அதன் சான்றுமதிப்போ இருமடங்கு. இவ்விரண்டையும் ஒன்றாக்க முயல்வது வீண். விலைமதிப்பீட்டாளர் தம் அறிக்கையில் இரண்டையும் தனித்தனிப் பத்திகளில் எழுதுவதே நேர்மை.

காகிதச் சான்றுகள் கிடைத்தால் கதை மாறும். இந்திய நகராட்சிகள் பல மிதிவண்டிக்கு ஆண்டுவரி விதித்து, ஊர்ப்பெயரும் ஆண்டும் பொறித்த உலோக வில்லையை வழங்கின. அந்த வில்லைகள் கழற்றப்படாமல் வண்டியிலேயே தொங்கினால், அவை வண்டி எந்த ஊரில் எந்த ஆண்டு இருந்தது என்பதற்கு நேரடிச் சாட்சி. அரசு ஊழியருக்கு மிதிவண்டி வாங்க முன்பணம் தரும் ஏற்பாடு நெடுங்காலம் நடப்பிலிருந்தது. ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரைக்குப் பின்னரே மத்திய அரசு அதைக் கைவிட்டது. தாத்தாவின் பணிப்பதிவேட்டிலோ பழைய சம்பளச்சீட்டிலோ அந்தப் பிடித்தம் தென்பட்டால் வாங்கிய ஆண்டு உறுதியாகிவிடும். பயணத்துக்கும் இது பொருந்தும். 1923இல் பம்பாயிலிருந்து புறப்பட்ட பார்சி இளைஞர் அறுவரில் ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பூம்காரா ஆகிய மூவர் உலகைச் சுற்றி 1928இல் திரும்பினர். பயணத்தை நூலாகவும் எழுதினர். அத்தகைய பயணத்தில் ஓடிய வண்டி என்று நிறுவ முடிந்தால் அதன் விலைக்கு இரும்போடு தொடர்பே இராது. நிறுவ முடியாவிட்டால் வெறும் வீட்டுக்கதைக்குச் சந்தை ஒரு ரூபாயும் கூட்டித்தராது, தரவும் கூடாது.

இனி உரிமை பற்றிய சங்கடமான கேள்வி. விடுதலைக்குப் பிந்தைய வட இந்தியத் திருமணங்களில் கைக்கடிகாரம், மிதிவண்டி, வானொலி என்ற மூன்றும் மாப்பிள்ளைக்குத் தரப்படும் பொருட்களின் வாய்பாடாகவே ஆகிவிட்டன. 1961இல் வரதட்சணைத் தடைச்சட்டம் வந்தபின்னும் பட்டியல் நின்றுவிடவில்லை. ஆகவே ‘தாத்தாவின் வண்டி’ என்று வழங்கப்படும் பல வண்டிகள் பாட்டியின் தந்தை கடன்பட்டு வாங்கியவை. அச்சட்டத்தின் ஆறாம் பிரிவு, பிறர் பெற்ற வரதட்சணையை மணப்பெண்ணிடமே ஒப்படைக்கவேண்டும் என்கிறது. வண்டியை ஓட்டியவர் தாத்தா. அது யாருடைய சொத்து என்ற கேள்வியைப் பெரும்பாலான வீடுகள் கேட்டதில்லை. இன்று பேரன்கள் மூவர் விற்பனைத்தொகையைப் பங்கிடும்போது பேத்திகளின் பெயர் பேச்சில் வராமற்போவதும் அதே மௌனத்தின் தொடர்ச்சி. மதிப்பீட்டுக் கட்டுரைகள் எதிலும் இந்தப் பத்தி இருப்பதில்லை.

சட்டத்தின் இன்னொரு முனையும் உண்டு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருட்கள், கலைக்கருவூலங்கள் சட்டம், நூறாண்டுக்குக் குறையாத பழைமையும் அறிவியல், கலை, கைத்தொழில் முதலியவற்றுக்குச் சான்றாகும் தன்மையும் கொண்ட பொருளைத் தொல்பொருள் என்று வரையறுக்கிறது. 1920க்கு முந்தைய வண்டிகள் இந்த வயதெல்லையைத் தாண்டிவிட்டன. தொல்பொருள் என்று கொள்ளப்பட்டால் தனியார் அதை ஏற்றுமதி செய்ய இயலாது. அதை வாணிகமாக விற்போர் உரிமம் பெறவேண்டும். வெளிநாட்டு விலையை மனத்தில் வைத்துக் கணக்கிடுவோர் இதையும் கணக்கில் சேர்க்கவேண்டும். வண்டி கடல் கடக்க முடியாதபோது கடலுக்கப்பாலுள்ள விலையால் பயனில்லை.

உள்ளூர்ச் சந்தையில் பொதுவாக நடப்பது இதுதான்: தனித்தனிப் பாகங்களின் மொத்த விலை முழுவண்டியின் விலையைவிட அதிகம். தோல் விரியாத ஒரு புரூக்ஸ் இருக்கை, கண்ணாடி உடையாத ஒரு லூகாஸ் விளக்கு, ஓடுகிற ஒரு மூவேக அச்சு ஆகியவற்றுக்குத் தனித்தனியே வாங்குவோர் உண்டு. வெறும் சட்டகத்துக்கு எடைக்கடைதான். இந்தக் கணக்கால் நாள்தோறும் வண்டிகள் கலைக்கப்படுகின்றன. அதைவிட அமைதியாக நடக்கும் இன்னோர் அழிவு, விற்பதற்கு முன் ‘புதுப்பிப்பது’. கறுப்பு வண்ணத்தைச் சுரண்டிப் புதுப்பூச்சு அடித்தவுடன், பொன்கோடுகளும், ஒட்டுப்படங்களும், வண்டியை விற்ற ஊர்க்கடையின் பெயர்ச்சீட்டும் போய்விடுகின்றன. கடைச்சீட்டு என்பது கைப்பிடியின் கீழோ பின் மட்கார்டிலோ இருக்கும் ஒரு சிறு எழுத்துப்பட்டை. எந்த இறக்குமதியாளரின் வண்டி எந்தச் சிற்றூர்வரை போயிற்று என்பதற்குப் பல இடங்களில் எஞ்சியிருக்கும் ஒரே ஆதாரம் அது.

விற்பதைத் தவறு என்று சொல்வதற்கில்லை. பணம் தேவைப்படும் வீட்டுக்கு அது உரிமை. விற்குமுன் செய்யவேண்டியவை சில. எண்கள் அனைத்தையும் எழுதிக்கொள்ளுதல். பொறிப்புகளைச் சாய்வொளியில் படமெடுத்தல். ஈரத்துணியால் மட்டும் துடைத்தல். வில்லை, ரசீது, வண்டியோடு தாத்தா நிற்கும் பழைய நிழற்படம் ஆகியவற்றின் நகல்களை வண்டியோடு சேர்த்துத் தருதல். இப்படிச் சேர்ந்து வரும் வண்டிக்குச் சேகரிப்பாளர்கள் கூடுதலாகத் தருகிறார்கள். புனேயில் 2017இல் திறக்கப்பட்ட விக்ரம் பென்ட்சே மிதிவண்டி அருங்காட்சியகம் தனியொருவரின் சேகரிப்பிலிருந்து எழுந்தது. அரசுக் காட்சியகங்கள் இந்தப் பொருளை இன்னும் கண்டுகொள்ளாத நாட்டில் அத்தகைய இடங்களுக்குக் கொடையாகத் தருவதும் ஒரு வழி.

சோனிபத்தில் 1951இல் தொடங்கிய அட்லஸ் நிறுவனம் சாகிபாபாத் ஆலையின் உற்பத்தியை நிறுத்தியது 2020 ஜூன் 3 அன்று. உலக மிதிவண்டி நாளும் அதுவே. அன்றுவரை பயன்பாட்டுப் பொருளாக மட்டும் நின்ற அட்லஸ் வண்டிகளுக்கு அதன்பின் ‘விண்டேஜ்’ என்ற அடைமொழியோடு விற்பனை விளம்பரங்கள் வரத் தொடங்கியுள்ளன.