வரலாற்றில் முழு உதவித்தொகையுடன் முனைவர் பட்டம்: விண்ணப்பிக்கும் முன் அறிய வேண்டியவை

புது தில்லி: வரலாற்றுத் துறையில் முனைவர் பட்ட ஆய்வில் சேர விரும்பும் மாணவர்கள் பலர், சேர்க்கை கிடைத்துவிட்டால் உதவித்தொகையும் உடன் வந்துவிடும் என்று கருதுகின்றனர். அமெரிக்காவின் முன்னணிப் பல்கலைக்கழகங்களில் இது பெரும்பாலும் உண்மை. இந்தியாவில் நிலைமை வேறு. இங்கு இடம் அளிப்பது பல்கலைக்கழகம்; வாழ்க்கைச் செலவுக்குப் போதுமான தொகையை அளிப்பது பெரும்பாலும் வேறோர் அமைப்பு. இரண்டுக்கும் தனித்தனியே தகுதி பெற வேண்டும்.

நாட்டில் அதிகமானோர் நாடும் வழி, பல்கலைக்கழக மானியக் குழு வழங்கும் ஜேஆர்எஃப் எனப்படும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை. 2023 ஜனவரி 1 முதல் இது மாதம் ரூ.37,000 ஆக உயர்த்தப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், மதிப்பீட்டுக் குழுவின் பரிந்துரைப்படி முதுநிலை ஆராய்ச்சி உதவித்தொகையாக மாறி, மாதம் ரூ.42,000 ஆகிறது. மொத்தம் ஐந்து ஆண்டுகள். கூட்டிப் பார்த்தால் ரூ.24 லட்சம், விடுதி கிடைக்காதவர்களுக்கு வீட்டு வாடகைப் படி தனி.

ஜேஆர்எஃப் இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்பவருக்கு 'நெட் சாரா உதவித்தொகை' என்ற பெயரில் கிடைப்பது மாதம் ரூ.8,000 மட்டுமே. ஒரே நெறியாளரிடம், ஒரே ஆவணக் காப்பகத்தில் ஆய்வு செய்யும் இருவருக்கு இடையே நான்கு மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு இது. தில்லியில் வெளியே அறை எடுத்துத் தங்குபவருக்கு ரூ.8,000 வாடகைக்கே போதாது. மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இத்தொகையும் கிடையாது.

ஒரே தேர்வு, மூன்று பிரிவுகள்

ஜேஆர்எஃப் பெற தேசிய தேர்வு முகமை ஆண்டுக்கு இருமுறை நடத்தும் நெட் எனப்படும் தேசிய தகுதித் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற வேண்டும். மூன்று மணி நேரத்தில் 150 வினாக்கள், 300 மதிப்பெண்கள். முதல் தாள் அனைவருக்கும் பொது; இரண்டாம் தாள் வரலாறு. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. ஆகவே எந்த வினாவையும் விடையளிக்காமல் விடுவதில் பொருளில்லை. வரலாற்று வினாத்தாள் ஆங்கிலம், இந்தி ஆகிய இரு மொழிகளில் மட்டுமே இருக்கும். தமிழ் வழியில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்கள் கலைச்சொற்களை ஆங்கிலத்தில் பழகிக்கொள்ளவே தனியாகச் சில மாதங்களை ஒதுக்க நேரிடும்.

2024 ஜூன் தேர்விலிருந்து நெட் முடிவுகள் மூன்று பிரிவுகளாக வெளியிடப்படுகின்றன. முதல் பிரிவினருக்கு ஜேஆர்எஃப், உதவிப் பேராசிரியர் தகுதி, முனைவர் பட்டச் சேர்க்கைக்கான தகுதி ஆகிய மூன்றும் உண்டு. இரண்டாம் பிரிவினருக்கு உதவித்தொகை இல்லை. மூன்றாம் பிரிவினருக்கு முனைவர் பட்டச் சேர்க்கைத் தகுதி மட்டுமே. முதல் பிரிவினருக்கு நேர்முகத் தேர்வின் அடிப்படையிலும், மற்ற இரு பிரிவினருக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதம், நேர்முகத் தேர்வுக்கு 30 சதவீதம் என்ற கணக்கிலும் சேர்க்கை நடைபெறும். கவனிக்க வேண்டியது, இந்த இரு பிரிவினரின் மதிப்பெண் முனைவர் பட்டச் சேர்க்கைக்கு ஓராண்டு மட்டுமே செல்லும் என்பது. அதற்குள் இடம் கிடைக்காவிட்டால் மீண்டும் தேர்வு எழுத வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் தேர்வு தள்ளிப்போனால் சேர்க்கையும் தள்ளிப்போகும். 2024 ஜூன் 18-ல் நடைபெற்ற நெட் தேர்வு மறுநாளே ரத்து செய்யப்பட்டு, ஆகஸ்ட் 21 முதல் மீண்டும் நடத்தப்பட்டது. அந்த ஆண்டுதான் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம், தில்லி பல்கலைக்கழகம் ஆகியவை நெட் மதிப்பெண்ணை அடிப்படையாகக் கொண்ட சேர்க்கைக்கு மாறியிருந்தன.

ஜேஆர்எஃப் பெற வயது வரம்பு 30. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், மூன்றாம் பாலினத்தவர் ஆகியோருக்கு ஐந்து ஆண்டுத் தளர்வு உண்டு. பட்டியல் சாதியினருக்கும் இதர பிற்படுத்தப்பட்டோருக்கும் மத்திய அரசு வழங்கும் தேசிய உதவித்தொகைகளுக்கும் நெட் தேர்வே அடிப்படை. சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய வழிகாட்டி நூல்களில் அது இன்னும் இடம்பெற்றிருக்கலாம். பிரதமரின் ஆராய்ச்சி உதவித்தொகை அறிவியல், தொழில்நுட்பத் துறைகளுக்கானது. வரலாற்று மாணவர்கள் அணுகத்தக்க மற்றோர் அமைப்பு, 1972-ல் நிறுவப்பட்ட இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் குழு. முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்களுக்கு அது தனியே உதவித்தொகை வழங்குகிறது.

நெறியாளரும் ஆய்வு முன்மொழிவும்

உதவித்தொகைத் தகுதி இருந்தும் இடம் கிடைக்காமல் போவதுண்டு. 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட முனைவர் பட்ட ஒழுங்குமுறைகளின்படி, ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மட்டுமே நெறியாளராக இருக்க முடியும். துறையின் புகழைவிட, தாம் எடுத்துக்கொள்ளும் காலகட்டத்திலும் வட்டாரத்திலும் ஆய்வு செய்யும் ஆசிரியர் அங்கு இருக்கிறாரா, அவரிடம் காலியிடம் உள்ளதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

நேர்முகத் தேர்வில் ஆய்வு முன்மொழிவே பேசும். '1943 வங்கப் பஞ்சம்' என்பது ஆய்வுத் தலைப்பு அன்று. அது ஒரு நூலகத்தின் அலமாரி. ஜப்பானியப் படையெடுப்புக்கு அஞ்சி 1942-ல் ஆங்கிலேய அரசு கடலோர வங்கத்தில் படகுகளைக் கைப்பற்றியது. அதனால் ஒரு மாவட்டத்தின் மீனவர்களும் படகோட்டிகளும் என்ன ஆனார்கள் என்று கேட்டால் அது ஆய்வு வினா. அடுத்து, அதற்கு விடை எங்கே இருக்கிறது என்பதைக் காட்ட வேண்டும். கொல்கத்தாவில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தின் கோப்புகள், பஞ்ச விசாரணை ஆணையத்தின் 1945ஆம் ஆண்டு அறிக்கை, அக்கால வங்க மொழி நாளேடுகள் என்று சான்றுகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் முன்மொழிவுக்குத் தனி மதிப்பு உண்டு. வங்க மொழி படிக்கத் தெரியுமா என்ற கேள்வி கட்டாயம் எழும். மராட்டிய ஆட்சிக் காலத்தை ஆராய்பவருக்கு மோடி எழுத்தும், முகலாயர் காலத்தை ஆராய்பவருக்குப் பாரசீகமும் இதே போன்றவை. இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' இணையதளத்தில் தேடிப் பார்த்த பின் முன்மொழிவை எழுதுவது நல்லது. கோப்பே இல்லாத தலைப்பைத் தேர்ந்தெடுத்து ஈராண்டு கழித்து மாற்ற நேர்ந்தால், உதவித்தொகைக் காலம் நமக்காகக் காத்திருக்காது.

அந்தக் காலக் கணக்கிலும் ஓர் இடைவெளி உள்ளது. முனைவர் பட்டத்தை முடிக்க விதிகள் ஆறு ஆண்டுகள் வரை அனுமதிக்கின்றன. உதவித்தொகையோ ஐந்தாம் ஆண்டுடன் நின்றுவிடுகிறது. மேலும், மாணவர் ஆய்வில் தொடர்வதைப் பல்கலைக்கழகம் மாதந்தோறும் இணையவழியில் உறுதி செய்தால்தான் பணம் வரவு வைக்கப்படும். சேரும்போதே துறை அலுவலகத்தில் அதற்குப் பொறுப்பானவர் யார் என்று கேட்டுவைப்பது பின்னாளில் உதவும்.

வெளிநாடு செல்வோர் கவனத்துக்கு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கட்டண விலக்கு, வாழ்க்கைச் செலவுத் தொகை, மருத்துவக் காப்பீடு ஆகியவை வழக்கமாக ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்க்கையுடன் இணைந்தே வரும். அதற்கு ஈடாகச் சில பருவங்களில் இளநிலை மாணவர்களுக்கு வகுப்பெடுக்க வேண்டும். விண்ணப்பங்களின் கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர் மாதத்தில் வரும். நோக்க அறிக்கை, மூன்று பரிந்துரைக் கடிதங்கள், 20 பக்க அளவிலான ஆங்கிலக் கட்டுரை ஆகியவை கேட்கப்படும். இவற்றுள் கட்டுரைக்குத்தான் அதிக உழைப்பு தேவை. முதுநிலைப் படிப்பில் எழுதியதைச் செப்பனிட்டு அனுப்பலாம். தொகை ஆண்டுக்கு ஒன்பது மாதங்களுக்கா, பன்னிரண்டு மாதங்களுக்கா என்பதைச் சேர்க்கைக் கடிதத்தில் பார்க்க வேண்டும். உதவித்தொகையுடன் இடம் கிடைத்தவர்கள் ஏப்ரல் 15 வரை முடிவைத் தள்ளிப்போட, அங்குள்ள பல்கலைக்கழகங்களின் பொது உடன்பாடு இடமளிக்கிறது. எனினும் 2025-ல் ஹார்வர்டு, சிகாகோ உள்ளிட்ட பல்கலைக்கழகங்கள் முனைவர் பட்டச் சேர்க்கையைக் குறைத்துள்ளதால், ஓரிரு இடங்களை மட்டும் நம்பி விண்ணப்பிப்பது உசிதமன்று.

பட்டியல் சாதி மாணவர்களும் வேறு சில பிரிவினரும் வெளிநாட்டில் பயில, மத்திய சமூக நீதி அமைச்சகம் ஆண்டுக்கு 125 பேருக்குத் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை வழங்குகிறது. வயது வரம்பு 35. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.8 லட்சத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். ஆனால் 2022-ல் திருத்தப்பட்ட வழிகாட்டு நெறிமுறைகளின்படி, இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியாவை மையமாகக் கொண்ட சமூகவியல் ஆகியவை தொடர்பான தலைப்புகளுக்கு இத்தொகை கிடையாது. வரலாற்று மாணவர்கள், விண்ணப்பிக்கும் ஆண்டின் நெறிமுறையில் இந்தப் பிரிவு எவ்வாறு உள்ளது என்பதைப் படித்த பிறகே ஆய்வுத் தலைப்பை முடிவு செய்ய வேண்டும்.