காப்பகப் பிள்ளைகளும் கண்காணிப்பும்

இந்தியாவிலேயே முதன்முதலாக 1920-இல் சிறார் சட்டம் இயற்றியது சென்னை மாகாணமே. ஆயினும், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? தமிழகக் காப்பகங்களில் சிறார் சுரண்டப்படுவதாக 2007-இல் உச்ச நீதிமன்றத்திற்கு முறையீடு சென்றது. 2017 மே 5-இல் தீர்ப்பு வந்தது: எல்லாக் காப்பகங்களும் பதிவு பெறவேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும், சமூகத் தணிக்கையும் நடைபெறவேண்டும்.

பெண் ஒருவரும் மருத்துவ அலுவலர் ஒருவரும் உள்ளிட்ட ஆய்வுக்குழு, மூன்று திங்களுக்கு ஒருமுறையேனும் காப்பகங்களை நேரில் காணவேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் கட்டளை.

வறுமையால் காப்பகம் புகுவோருள் நம் பிள்ளைகளும் உளர். இளைஞர்காள்! உணவும் கல்வியும் மருத்துவமும் அவர்களுக்கு முறையாகக் கிடைக்கின்றனவா, ஆய்வுக்குழு இறுதியாக வந்தது எந்நாள் என்று நாம் கேட்போம். கேட்பாரற்ற பிள்ளை ஒன்றும் நம் ஊரில் இருத்தலாகாது.