பதினாறு அமைச்சர்

குச்சவெளிக் கடலோரப் பாறையிலே பழைய வடமொழிக் கல்வெட்டொன்று உண்டு. அதைக் காட்டிய நாளில் ஒரு மாணவன் கேட்டான்: "சேர், யூதரும் எங்கள் நாட்டுக்கு வந்தவர்களா?"

அரபுப் புவியியலாளர் அல் இத்ரீசி, சிசிலி மன்னன் இரண்டாம் ரொஜருக்காக 1154இல் முடித்த நூலிலே, சரந்தீப் அரசனுக்கு அமைச்சர் பதினாறு பேர் என்கிறார். நாட்டவர் நால்வர், கிறிஸ்தவர் நால்வர், முஸ்லிம்கள் நால்வர், யூதர் நால்வர்! இத்ரீசி இலங்கையைக் கண்டவரல்லர். முன்னோர் நூலும் பயணிகள் வாய்மொழியுமே அவருக்கு ஆதாரம். இவ்வளவு ஒழுங்கான பங்கீட்டை நான் அப்படியே நம்பமாட்டேன்.

முற்றாகத் தள்ளவும் மனம் வரவில்லை. கி.பி. 849ஆம் ஆண்டுக் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடு வட்டெழுத்திலே அமைந்தது. அதன் சாட்சிகள் அரபு, பஹ்லவி எழுத்துகளில் ஒப்பமிட, நால்வர் மட்டும் எபிரேய எழுத்திலே பாரசீக மொழியை எழுதியிருக்கிறார்கள்.

மாணவனுக்குச் செப்பேட்டைச் சான்றென்றும், பதினாறு அமைச்சரைக் கேள்விச் செய்தியென்றும் சொன்னேன். அவனுக்குப் பிடித்தது என்னவோ பதினாறு பேர் கதைதான்.