மோட்டார் ஹோம் ஏர் சஸ்பென்ஷன்

படுக்கை, சமையலறை, கழிவறை கொண்ட வீட்டு வண்டியின் எடையை எஃகு ஸ்பிரிங்குகளுக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் பைகளில் தாங்கும் அமைப்பு. கம்ப்ரஸர் அழுத்தும் காற்று டேங்கில் சேர்ந்து, உயரக் கட்டுப்பாட்டு வால்வு வழியே பைகளுக்குச் செல்கிறது. பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் வால்வு காற்றை ஏற்றும். பாரம் குறைந்து உயர்ந்தால் வெளியேற்றும்.

அமெரிக்காவில் 1973 முதல் 1978 வரை தயாரான ஜிஎம்சி மோட்டார் ஹோம் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. முன்சக்கர இயக்கம் கொண்ட அவ்வண்டியின் பின்புறத்தில், பக்கத்துக்கு இரண்டு சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. அவற்றைத் தாங்கும் கை போன்ற தண்டுகளுக்கு நடுவே, பக்கத்துக்கு ஒரு காற்றுப் பை படுக்கைவாட்டில் இருந்தது. குறுக்கே பின் அச்சு இல்லாததால் தளம் தாழ்வாக அமைந்தது.

பாதுகாப்பு: பைகள் உரிய உயரத்துக்கு எழும்பிய பிறகே வண்டியை எடுக்க வேண்டும். டேங்கில் சேரும் நீரை அவ்வப்போது வடிக்க வேண்டும். கசிவுள்ள இடத்தில் சோப்பு நீர் தடவினால் குமிழி கிளம்பும். சொகுசான ஓட்டம் வேகத்தை மறைத்துவிடும். கனமும் உயரமும் மிகுந்த வண்டி என்பதால் வளைவுக்கு முன்பே வேகம் குறைப்பதும், முன்செல்லும் வண்டியிலிருந்து கூடுதல் இடைவெளி விடுவதும் அவசியம். பை வெடித்தால் வண்டி சட்டென இறங்கும். எனவே ஸ்டாண்டு கொடுக்காமல் வண்டியின் அடியில் நுழையக் கூடாது.