ரெண்டு இலை, ஒரு மொட்டு, ஒரு தாத்தா

தலைப்பைப் பார்த்துட்டு அரசியல் பதிவுன்னு ஓடி வந்தவங்க மன்னிக்கணும். இது டீ பத்தின பதிவு :-)

நமக்கு வேலை அம்பத்தூர் எஸ்டேட்ல. எஸ்டேட்னதும் தேயிலைத் தோட்டம்னு நினைச்சுடாதீங்க. 1964ல அரசாங்கம் ஆரம்பிச்ச தொழிற்பேட்டை. இப்போ லேத்துப் பட்டறைகளுக்கு நடுவுல ஐடி கட்டடங்களும் நிக்குது. அதுல ஒண்ணுல உக்காந்து பொட்டி தட்டுற கோஷ்டி நான். அஞ்சு வருஷமா நமக்கு டீன்னா டீ பைதான். வெந்நீர்ல போட்டு, நூலைப் புடிச்சு நாலு முக்கு முக்குனா முடிஞ்சுது வேலை. காலேஜ் கெமிஸ்ட்ரி லேப்ல லிட்மஸ் பேப்பர் முக்கின அதே ஃபீலிங்.

போன வருஷம் கூட வேலை பாக்குற நண்பர் குன்னூர் போயிட்டு வரும்போது ஒரு பாக்கெட் தேயிலை வாங்கிட்டு வந்தார். தூள் இல்லீங்க, இலை. கருகருன்னு முறுக்கிக்கிட்டு, காஞ்ச வேப்பம்பூ மாதிரி இருந்துச்சு. "எப்படிங்க இதைக் குடிக்கிறது?"ன்னு கேட்டேன். "ஒரு கப்புக்கு ஒரு ஸ்பூன், கொதிச்ச தண்ணி, மூணு நிமிஷம். பால் ஊத்தினா கொன்னுடுவேன்"னார். குடிச்சேன். அன்னிக்குத்தான் டீக்கு வாசனைன்னு ஒண்ணு இருக்குறதே தெரிஞ்சுது.

நம்ம ஆளுங்களுக்கு ஒரு வியாதி உண்டே, எதையாவது புடிச்சா அதோட ஜாதகத்தையே தோண்டுறது. நானும் தோண்டினேன்.

முதல்ல இந்தப் பை. 1901ல அமெரிக்காவோட மில்வாக்கி ஊர்ல ராபர்ட்டா லாசன், மேரி மெக்லாரன்னு ரெண்டு பெண்கள் துணிப்பைக்குள்ள தேயிலை போடுற யோசனைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பிச்சாங்க. 1903ல கிடைச்சுது. ஆனா எல்லாரும் சொல்ற கதை வேற. 1908 வாக்குல தாமஸ் சல்லிவன்னு ஒரு நியூயார்க் வியாபாரி சின்னப் பட்டுப் பையில சாம்பிள் தேயிலை அனுப்பினாராம். வாங்கினவங்க பையைப் பிரிக்காம அப்படியே வெந்நீர்ல போட்டுட்டாங்களாம். எப்படியோ, பை ஜெயிச்சுது.

அடுத்தது பைக்குள்ள இருக்குற சரக்கு. பழைய முறையில பறிச்ச கொழுந்தை வாட்டி, உருட்டி, காத்துல கொஞ்ச நேரம் நிறம் மாற விட்டு, உலர்த்தி, கடைசியா சலிப்பாங்க. சல்லடையில மேல நிக்கிறது முழு இலை. அப்புறம் உடைஞ்ச இலை, அதுக்குக் கீழ குருணை, எல்லாத்துக்கும் அடியில தூள். பைக்குப் போறது பெரும்பாலும் கடைசி ரெண்டும்தான். 1930 வாக்குல அஸ்ஸாம் அம்கூரி தோட்டத்துல வில்லியம் மெக்கெர்ச்சர் சிடிசி மிஷினைக் கொண்டு வந்தார். நசுக்கு, கிழி, சுருட்டு, அவ்வளவுதான் தத்துவம். இன்னிக்கு இந்தியாவுல தயாராகுற தேயிலையில பெரும்பகுதி அந்த வழிதான்.

தூள்னா குப்பைன்னு நினைக்காதீங்க. துகள் சின்னதானா பரப்பளவு கூடும், சாயம் சீக்கிரம் இறங்கும் (இஞ்சினியரிங் படிச்சதுக்கு இது ஒண்ணாவது உபயோகப்படட்டும்!). நம்ம நாயர் கடை டீக்குத் தூள்தான் சரி. இலையைப் போட்டு டிகாக்‌ஷன் எடுத்து ஆத்தச் சொன்னா மாஸ்டர் கரண்டியால அடிப்பார்.

இப்படி சேகரிச்ச விஷயத்தை எல்லாம் வச்சுக்கிட்டு, அயப்பாக்கத்துல எங்க பக்கத்து வீட்டுத் தாத்தாகிட்ட ஒரு ஞாயித்துக்கிழமை பந்தா காட்டப் போனேன். அவர் மகன் எங்க எஸ்டேட்லயே ஒரு பட்டறையில ஃபோர்மேன். கண்ணாடி டம்ளர்ல டீ போட்டுக் குடுத்தேன். தாத்தா அதைக் குடிக்கல. வடிகட்டியில கிடந்த சக்கையில ஒண்ணை எடுத்து உள்ளங்கையில வச்சு, விரலால மெதுவாப் பிரிச்சார்.

"ரெண்டு இலை, ஒரு மொட்டு. நல்லாத்தான் பறிச்சிருக்கா புள்ள"ன்னார்.

எனக்கு ஒண்ணும் புரியல. "தாத்தா, உங்களுக்கு எப்படி...?"

"நான் பொறந்ததே லயத்துலதான் தம்பி. ஹட்டன் பக்கம். 1948ல."

அதுக்கப்புறம் நான் பேசவே இல்ல. தாத்தாதான் பேசினார். வீட்டுக்கு வந்து நான் படிச்சதையும் சேர்த்து இங்க எழுதுறேன்.

இலங்கை மலைநாட்டுல முதல்ல காப்பித் தோட்டங்கள்தான். திருச்சி, மதுரை, சேலம், ராமநாதபுரம் பக்கத்துல இருந்து நம்ம சனங்களைக் கங்காணிகள் முன்பணம் குடுத்துக் கூட்டிட்டுப் போனாங்க. மன்னார்ல எறங்கி, காடு வழியா மலைக்கு நடை. வழியிலேயே செத்தவங்க ஏராளம். 1869ல காப்பிச் செடிக்கு இலைத்துரு நோய் வந்து, அடுத்த சில வருஷத்துல காப்பியே காலி. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1867ல, ஜேம்ஸ் டெய்லர்ங்கிற ஸ்காட்லாந்துக்காரர் லூல்கந்துரா தோட்டத்துல 19 ஏக்கர்ல தேயிலை போட்டிருந்தார். அதைப் பார்த்து மத்த தொரைமாரும் மாறினாங்க. செடி மாறுச்சு, கூடை சுமந்தவங்க மாறல. காப்பிக்காவது பழம் பறிக்கிற சீசன்னு ஒண்ணு உண்டு. தேயிலை வருஷம் முழுக்கக் கொழுந்து விடும். அதனால குடும்பம் குடும்பமா அங்கேயே தங்க வேண்டியதாச்சு. அப்படி வந்ததுதான் லயம்.

1948ல இலங்கைக்குச் சுதந்திரம் வந்துச்சு. அதே வருஷம் குடியுரிமைச் சட்டமும் வந்துச்சு. அப்பனோ, அப்பனும் தாத்தனுமோ இலங்கையில பொறந்ததை நிரூபிக்கணும். லயத்துல பொறந்தவனுக்கு ஏது பேப்பர்? லட்சக்கணக்கான பேர் ஒரே சட்டத்துல நாடில்லாதவங்க ஆனாங்க.

"நான் பொறந்த வருஷமே நான் எந்த நாட்டுக்காரனும் இல்லேன்னு ஆயிடுச்சு தம்பி"ன்னு தாத்தா சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரல.

1964 அக்டோபர் 30ல சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டாங்க. 9,75,000 பேர் கணக்கு. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பாத்துக்கலாம்னு வச்சு, 1974ல ஆளுக்குப் பாதின்னு பிரிச்சாங்க. கம்பெனியில லேப்டாப் பிரிச்சுக் குடுக்குற மாதிரி. யாருக்கு எந்த ஊர் வேணும்னு மேசைக்கு எதிர்ல உக்கார வச்சுக் கேக்கல.

அந்த டிசம்பர்லயே புயல் வந்து தனுஷ்கோடி அழிஞ்சுது. தாத்தாவோட தாத்தன் போன வழியே இல்லாமப் போச்சு. தாத்தா 1972ல தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல எறங்கினார். அப்போ வயசு 24. தாய்நாட்டை அதுவரைக்கும் பார்த்ததே இல்ல.

வந்தவங்களுக்கு வேலை குடுக்கத்தான் தமிழக அரசு 1968ல நீலகிரியில தேயிலைத் தோட்டம் போட ஆரம்பிச்சுது. 1975ல அது டான்டீங்கிற கம்பெனி ஆச்சு. தாத்தாவுக்கு கூடலூர் பக்கம் வேலை கிடைச்சுது. காட்டை வெட்டி, செடி நட்டு, கவ்வாத்து பண்ணி 30 வருஷத்துக்கு மேல உழைச்சார். மகனுக்கு அம்பத்தூர்ல வேலை கிடைச்சு, ரிட்டயர் ஆனப்புறம் இங்க வந்துட்டார். இலங்கையில தங்கினவங்கள்ல விடுபட்டுப் போனவங்களுக்குக் குடியுரிமை குடுக்கிற சட்டம் 2003லதான் வந்துச்சு. 55 வருஷம்!

"அங்க இருந்தப்போ இந்தியாக்காரன்னாங்க. கூடலூர் வந்தா சிலோன்காரன்னாங்க. இங்க அயப்பாக்கத்துல ஊட்டிக்காரர்னு சொல்றாங்க. பரவாயில்ல, பக்கத்துல வந்துட்டேன்."

கடைசியா ஒண்ணு கேட்டேன். "தோட்டத்துல இந்த மாதிரி இலை டீதான் குடிப்பீங்களா தாத்தா?"

"இலையா? அது கப்பலுக்கு. எங்களுக்குத் தூளுதான். சாயத்தண்ணி வச்சு, ஒரு துண்டு வெல்லத்தைக் கடிச்சுக்கிட்டுக் குடிப்போம்."

வருஷக்கணக்கா நான் டீ பையில குடிச்சது எதுன்னு அப்போதான் உறைச்சது. தூள்ல இருந்து இலைக்கு மாறினதை நான் பெரிய முன்னேற்றம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். அந்த இலையை வாழ்நாள் பூரா தொட்ட மனுஷன், 77 வயசுல, பக்கத்து வீட்டுப் பையன் போட்டுக் குடுத்துதான் முதல் தடவையா முழு இலை டீ குடிக்கிறார். ஆறிப்போன டம்ளரை எடுத்து ஒரே மூச்சுல குடிச்சுட்டு, "வாசனை இருக்கு. சாயம் பத்தல"ன்னார் :-)

இந்தச் சனங்களைப் பத்திப் படிக்கணும்னா புதுமைப்பித்தனோட 'துன்பக்கேணி' இருக்கு. நம்ம பக்கத்து மலைக் கதைன்னா பி.எச்.டேனியலோட 'எரியும் பனிக்காடு', இரா.முருகவேள் மொழிபெயர்ப்பு. ரெண்டும் தூக்கத்தைக் கெடுக்கும், சொல்லிட்டேன்.

இலை டீ விலை அதிகம்னு யோசிக்கிறவங்க சின்ன பாக்கெட்டா வாங்கிப் பாருங்க. ஒரே இலையில ரெண்டு தடவை இறக்கலாம், கணக்குப் பார்த்தா கட்டுப்படியாகும். குடிச்சு முடிச்சதும் சக்கையைக் கொட்டாம ஒரு இலையை விரலால பிரிச்சுப் பாருங்க. முழு இலைன்னா காம்போட இருக்கும். அதை ஒடிச்சது ஒரு விரல்.

ஞாயித்துக்கிழமைகள்ல இப்போ தாத்தா வீட்டுல ரெண்டு டம்ளர். எனக்கு இலை. அவருக்கு ரேஷன் கடை ஊட்டி டீத்தூள், சாயம் கெட்டியா, பக்கத்துல ஒரு துண்டு வெல்லம்.