பொம்மை பார்ப்பது படிப்பாகுமா?

பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேரன் காமிக்ஸ் படிக்கிறான் என்று வருத்தப்பட்ட ஒரு நண்பர், "பொம்மை பார்ப்பதெல்லாம் படிப்பாகுமா சார்?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு வயது அதிகம். ஆசிரியர் ஓய்வறையிலும் இதே கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். படிப்புதான், அதுவும் இரட்டைப் படிப்பு என்பது என் கட்சி.

தினத்தந்தியில் 1960இல் 'கன்னித்தீவு' தொடங்கியது. இன்றும் முடியவில்லை. இழுத்துக்கொண்டே போகும் எந்த வழக்கையும் "கன்னித்தீவு மாதிரி" என்று சொல்கிறோமே, அதுவே அதன் வெற்றி. டீக்கடையில் தலைப்புச் செய்தியை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கூட சிந்துபாத் இன்று எங்கே மாட்டிக்கொண்டான் என்பதைச் சிரமமில்லாமல் சொல்லிவிடுவார்.

1972இல் சிவகாசியிலிருந்து சௌந்தரபாண்டியன் அவர்கள் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் ஆசிரியர் முல்லை தங்கராசன். முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. மூலக்கதை இங்கிலாந்தில் 'வேலியன்ட்' என்ற வார இதழில் 1962இல் வந்தது, வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் பிளாஸ்கோ. காலண்டரும் தீப்பெட்டி லேபிளும் அச்சடித்த ஊர், ஸ்பெயின்காரர் வரைந்த ஆங்கிலக் கதையைத் தமிழ்ப் பிள்ளைகள் கையில் கொடுத்தது. 1984 ஜூலையில் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் ஒரே மாதத்தில் வந்தன. ராணி காமிக்ஸ் விலை ஒன்றரை ரூபாய். ஒரு பிரதி வகுப்பு முழுவதையும் சுற்றிவிட்டு, அட்டை இல்லாமல் உரியவனிடம் திரும்பும்.

மாயாவியின் கதையைக் கவனியுங்கள். கையிழந்தவனுக்கு இரும்புக்கை பொருத்தியிருக்கிறது. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், கை மட்டும் தெரியும். இதை வெறும் எழுத்தில் சொன்னால் ஒவ்வொரு முறையும் "அவன் கண்ணுக்குத் தெரியவில்லை, கை மட்டும் தெரிந்தது" என்று எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். படத்திலோ ஒரு கை அந்தரத்தில் தொங்கினால் போதும். பேச்சுக் குமிழியின் வால் ஆளில்லாத இடத்தைக் காட்டும், அங்கே ஆள் நிற்கிறான் என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும். அந்த வாலுக்கு இந்தப் பொருள் உண்டென்று எந்தப் பாடநூலும் சொல்லித்தந்ததில்லை. வால் கூராக இருந்தால் பேச்சு, சிறு வட்டங்களாக இறங்கினால் நினைப்பு, குமிழியே முள்முள்ளாக இருந்தால் அலறல். இதுவும் ஓர் இலக்கணம்தான், நன்னூலை விடச் சீக்கிரம் பிடிபடும் இலக்கணம்!

இன்னொன்று, கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே உள்ள வெள்ளை இடம். முதல் கட்டத்தில் ஓங்கிய கை, அடுத்ததில் கீழே கிடக்கும் ஆள். அடி விழுந்ததை யாரும் வரையவில்லை. அடித்தது வாசகன்தான். ஸ்காட் மெக்கிளவுட் என்ற அமெரிக்கர் 1993இல் இதைப் பற்றிக் காமிக்ஸ் வடிவிலேயே ஒரு புத்தகம் எழுதினார்.

எங்கள் மாவட்டத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுத் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் நிறைய. தெரியாத சொல் வந்தால் பாடப்புத்தகத்தில் அங்கேயே நின்றுவிடுவார்கள். காமிக்ஸில் நிற்பதில்லை. படம் கைகொடுக்கும், சொல்லை ஊகித்துக்கொண்டு மேலே போவார்கள். 'பாதாளம்', 'சதி', 'தப்பித்தான்' எல்லாம் இப்படி வந்த சொற்கள். எழுத்தே தெரியாத பிள்ளைக்கு இது அ, ஆ கற்றுத்தராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு ஆசிரியர்தான் வேண்டும்.

சரி, இந்தப் பழக்கம் வெள்ளைக்காரன் தந்ததா? ஐரோப்பாவில் முன்னோடி என்று சொல்லப்படுபவர் ஜெனீவாவைச் சேர்ந்த டாப்ஃபர். நம்மைப் போல ஒரு பள்ளிக்கூட வாத்தியார்! தன் மாணவர்களுக்காக வரைந்த கதைகளை 1830களில் அச்சிட்டார். படமில்லாமல் எழுத்துக்குப் பொருளில்லை, எழுத்தில்லாமல் படம் தெளிவில்லை என்பது அவர் கருத்து.

அவருக்கு ஆயிரத்து இருநூறு வருடங்கள் முன்னால் நம் பக்கத்துக்கு வாருங்கள். முத்து காமிக்ஸ் வந்த அதே 1972இல் தமிழக அரசின் தொல்லியல் துறை 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலை வெளியிட்டது, பதிப்பாசிரியர் இரா. நாகசாமி. கல்லாவியிலிருந்து ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை வழியாகப் போனால் செங்கம். அந்தப் பகுதியில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7ஆம் நூற்றாண்டில், நட்ட கல் ஒன்று உண்டு. ஆயுதம் ஏந்திய வீரன், பக்கத்தில் ஒரு நாய். வட்டெழுத்தைப் படித்தால்தான் வீரன் பெயர் கருந்தேவக்கத்தி, எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்தான், நாயின் பெயர் கோவிவன், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று தெரியும். எழுத்தை எடுத்துவிட்டால் யாரோ ஒருவனும் ஒரு நாயும். படத்தை எடுத்துவிட்டால் அந்த நாய் தன் எசமானோடு நிற்கும் நிலையை நாம் பார்த்திருக்க மாட்டோம். இரண்டும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டன. படிக்கத் தெரியாத ஆடு மேய்ப்பவனும் அந்தக் கல்லின் பாதியைப் படித்திருப்பான்.

திருவாரூர் கோயிலின் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் 17ஆம் நூற்றாண்டில் முசுகுந்தன் கதையை வரிசையாக வரைந்து, தமிழில் விளக்கமும் எழுதியிருக்கிறார்கள். வரைந்தவர் சிங்காதனம் என்பவர், பெயரும் இருக்கிறது.

நம் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கமும் கர்நாடகத்திலும் அடுக்கடுக்காகச் செதுக்கிய நடுகற்கள் உண்டு. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்க்கலாம். பல ஊர்களில் இவை வேடியப்பனாகக் கும்பிடப்படுகின்றன. அது நல்லதுதான், கல் பிழைத்தது. வேறு சில இடங்களில் துணி துவைக்கும் கல்லாகிவிட்டது.

நண்பரின் பேரனை ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறேன். மூன்றடுக்குக் கல் கண்ணில் பட்டால் மேலிருந்து படிக்கக் கூடாது. கீழடுக்கில் சண்டை, நடுவில் தேவமகளிர் வீரனைத் தூக்கிச் செல்வது, உச்சியில் அவன் சிவலோகத்தில் லிங்கத்தின் முன்னால். கீழிருந்து மேலே போக வேண்டும். காமிக்ஸ் படிக்கிற பையன், இரண்டு நிமிடத்தில் பிடித்துக்கொள்வான்.