அண்ணி என்று அழைக்கப்பட்ட தாய்

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் சாலையிலிருந்து தெற்கே திரும்பும் தெரு ஒன்றில் இருந்த எங்கள் பாட்டனார் வீட்டில், என் தந்தையார் தம்மைப் பெற்றெடுத்தவளை ஆயுள் முழுவதும் 'அண்ணி' என்றே அழைத்து வந்தார் என்று சொன்னால், கூட்டுக் குடும்பத்தை அறியாத இக்காலத்து இளைஞர்கள் அதை விபரீதமாகவோ, நான் கட்டிய கதையாகவோ கருதக்கூடும். விபரீதம் யாதொன்றும் இல்லை. மூத்த மருமகளாக அவ்வீட்டில் புகுந்த பாட்டியை, கொழுந்தன்மாரும் நாத்தனார்மாரும் விடிந்தது முதல் விளக்கணைக்கும் வரை 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டுக்கொண்டிருக்க, தொட்டிலிலிருந்து தலை தூக்கிய குழந்தை வேறு எந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டிருக்கும்? 'அம்மா' என்ற சொல்லுக்கு அவ்வீட்டில் ஏற்கெனவே ஓர் உரிமைக்காரி இருந்தாள். கொழுந்தன்மாரின் தாயாகிய என் கொள்ளுப்பாட்டியே அவள். பேரனுக்கும் அவளே அம்மா ஆனாள். பெற்றவள் அண்ணியாகவே நின்றுவிட்டாள்.

இந்தச் சம்பிரதாயம் எங்கள் வீட்டோடு பிறந்ததன்று. பிராமண கிருஹங்களில் பெற்ற தாயை 'மன்னி' என்றும், தந்தையை 'அண்ணா' என்றும் அழைத்து வளர்ந்தவர்கள் சென்ற தலைமுறையில் ஏராளம்; தாயை 'அக்கா' என்றவர்களும் உண்டு. இது சரிதானா என்று அக்காலத்திலேயே அபிப்பிராய பேதம் இருந்தது. பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்கள் இதைத் திருத்தப்பட வேண்டிய பிழையாகக் கண்டார்கள். பாட்டியோ, மாமியார் கேட்கக் குழந்தை தன்னை 'அம்மா' என்று அழைத்தால் தனக்கு வெட்கமாக இருக்கும் என்று சொல்லிச் சிரிப்பாள். புருஷன் பெயரை உச்சரிக்காத ஒருத்திக்கு, தனக்குரிய பட்டத்தை மாமியாரிடமே விட்டு வைப்பது பெரிய தியாகமாகத் தோன்றவில்லை போலும்.

பேச்சை விட்டு ஏட்டுக்குப் போனாலும், தாயின் பெயர் அங்கும் ஒன்றாக நிற்கவில்லை. பழந்தமிழில் 'யாய்' என்றால் என் தாய், 'ஞாய்' என்றால் உன் தாய், 'தாய்' என்றால் அவன் அல்லது அவள் தாய். யாருடைய தாய் என்பது பெயருக்குள்ளேயே அடங்கியிருந்த இந்த நுட்பம் பிற்காலத்தில் மறைந்துபோக, மூன்றில் 'தாய்' ஒன்றே எஞ்சி, எல்லோருடைய தாய்க்கும் பொதுவாயிற்று. விளிப்பதற்கு 'அன்னாய்' என்ற வடிவம் வழங்கிற்று. ஐங்குறுநூற்றுக் குறிஞ்சிப் பகுதியில் அன்னாய் வாழிப் பத்து என்றும், அன்னாய்ப் பத்து என்றும் இரண்டு பகுதிகளே அதன் பெயரால் அமைந்திருக்கின்றன. அவற்றிலுங்கூட அவ்விளி பெற்றவளுக்கு மட்டும் உரியதாக இல்லை. தலைவியும் தோழியும் தம்முள் 'அன்னை' என்று சொல்லிக்கொள்ளும் வழக்கு உண்டு என்று தொல்காப்பியமே இடங்கொடுக்கிறது.

அனாதி காலந்தொட்டு நம்முடையது என்று மேடைகளில் முழங்கப்படும் 'அம்மா' எங்கே என்று தேடினால், சங்கத் தொகைகளில் 'அம்ம' என்ற இடைச்சொல்தான் அடிக்கடி எதிர்ப்படுகிறது. கேள் என்று எதிரிலிருப்பவரின் செவியைத் தன்பால் திருப்புவது அதன் தொழில் என்பது தொல்காப்பியம் வகுத்த பொருள். தாயைச் சுட்ட அங்கே பெரிதும் நிற்பவை அன்னை, யாய், தாய் என்பனவே. பக்தி இலக்கியத்துக்கு வரும்போதுதான் 'அம்மை' அரியணை ஏறுகிறாள். பாஷையில் எது மூத்தது என்ற வழக்கில் தீர்ப்புச் சொல்வது எளிதன்று என்பதற்கு 'தள்ளை' என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளலாம். மேலைக் கடற்கரை நாட்டார் தாயைத் தள்ளை என்பர் என்று பழைய உரையாசிரியர்கள் திசைச்சொல்லுக்கு உதாரணம் காட்டினார்கள். இன்றைய மலையாளத்தில் ஒருவன் தாயைத் 'தள்ள' என்றால் அது ஏச்சு.

நாட்டு வழக்குகளோ இன்னும் தாராளமானவை. நகரத்தார் வீடுகளில் தாய் 'ஆத்தா', தந்தை 'அப்பச்சி'. பழைய யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் தாய் 'ஆச்சி', தந்தை 'அப்பு'. அதே 'ஆச்சி' திருநெல்வேலிக்குப் போனால் பாட்டியாகிவிடுகிறாள். காரைக்கால் முஸ்லிம் வீடுகளில் அரபுத் தொடர்போடு 'உம்மா' என்பது வழக்கு. எங்கள் பக்கத்தில் பாட்டி 'ஆயா'. பிள்ளை பார்க்கும் பணிப்பெண்ணுக்குப் போர்த்துகீசியர் வழங்கிய சொல்லும் அதே ஒலியுடையதாக இருந்து தொலைத்ததால், வெள்ளைக்காரத் துரைமார் வீட்டு ஆயாவும் எங்கள் வீட்டு ஆயாவும் ஒரே பெயரில் உலவ நேர்ந்தது. என் கொள்ளுப்பாட்டிக்கு இதில் மகா கோபம்.

இவ்வளவு போதாதென்று புதுச்சேரிக்குப் பிரெஞ்சுக்காரனும் ஒரு சொல்லைக் கொண்டுவந்தான். 1881-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் தேதிச் சட்டம், இந்தியர் தம் ஜாதி சமய வழக்குகளுக்குரிய சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றுக்கொள்ள வழி திறந்தது. ஏற்றுக்கொண்டவர்கள் பிரெஞ்சு வாடையுள்ள குடும்பப் பெயர்களைச் சூட்டிக்கொண்டார்கள். குடும்பப் பெயர் மாறிய வீடுகள் சிலவற்றில், நாளடைவில் குழந்தைகளின் வாயில் 'மமான்' என்பதும் 'பப்பா' என்பதும் புகுந்தன. ராணுவத்தில் சேர்ந்து கடல் கடந்துபோய், பென்ஷனோடு திரும்பிய 'சொல்தா'க்களின் வீடுகளிலும் இதைக் கேட்கலாம். சைகோனிலிருந்து வியட்நாமிய மனைவியரோடு திரும்பிய குடும்பங்களும் புதுச்சேரியில் உண்டு. தென் வியட்நாமில் தாயை 'மா' என்று அழைப்பது வழக்கம்.

கிழவிகளின் செவிக்கு இது படுத்திய பாட்டைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். 'மமான்' என்று குழந்தை கூவினால், தாய்மாமன் எப்போது வந்தான் என்று திண்ணையிலிருப்பவள் எட்டிப் பார்ப்பாள். தமிழில் கைக்குழந்தைக்குப் பெயரான 'பாப்பா'வோ குறில் நெடில் வேறுபாட்டால் மட்டும் தப்பித்து, மீசை வைத்த தகப்பனுக்குப் பெயராகி நிற்கும். பிரான்சுக்குப் போய் உத்தியோகம் பெறப்போகிற பிள்ளை வீட்டிலேயே பழகட்டும் என்பது ஒரு கட்சி. பெற்றவளையே அந்நிய பாஷையில் அழைக்கிறவன் நாளைக்கு அவளுக்குச் சோறு போடுவானா என்பது மறு கட்சி. 1954 நவம்பர் முதல் தேதியன்று பிரெஞ்சு ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்டு 16-இல் அது சட்டபூர்வமாகவும் முடிந்த பிறகு, ஆங்கிலப் பள்ளிகள் பெருகி 'மம்மி' வந்து சேர்ந்தபோது, பழைய மறு கட்சியார் அதே வாதத்தை எழுத்துப் பிசகாமல் எடுத்துப் பேசினார்கள். வேடிக்கை என்னவென்றால், 'மமான்' சொல்லி வளர்ந்தவர்களிலும் சிலர் இந்தத் தடவை அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள்.

தமிழ்ப் பற்றாளர் பெரிதும் விரும்பிச் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. அகரம் உயிர், மகர ஒற்று மெய், மா உயிர்மெய். உயிரையும் மெய்யையும் தந்தவளுக்கு இம்மூன்றும் கூடிய சொல் அமைந்தது தமிழுக்கே உரிய தெய்விகப் பொருத்தம் என்பார்கள். கேட்க இனிய வியாக்கியானம். ஆனால் இதே வாய்பாட்டில் 'அப்பா'வும் அடங்கும், 'அக்கா'வும் அடங்கும், 'அத்தை'யும் அடங்கும் என்று யாரேனும் எழுந்து சொன்னால் சபை சிரித்துவிடும். மொழிநூலார் ரோமன் யாக்கப்சன் 1960-இல் வெளியான தமது கட்டுரையில், உலக பாஷைகளிலிருந்து மர்டாக் என்ற மானிடவியலார் திரட்டிய 1072 சொற்களை ஆராய்ந்தார். தாயைக் குறித்த சொற்களில் நூற்றுக்கு 55 ம, ந போன்ற மூக்கொலிகளைக் கொண்டிருக்க, தந்தையைக் குறித்தவற்றில் நூற்றுக்கு 15 மட்டுமே அவ்வாறு இருக்கக் கண்டார். மார்பில் வாய் வைத்துப் பால் குடிக்கும் குழந்தை மூக்கு வழியாக எழுப்பக்கூடிய முனகலே 'ம' என்பது அவர் சொன்ன காரணம். ஆயினும் இதையும் ஒரேயடியாக நம்பிவிட வேண்டாம். ஜார்ஜிய மொழியில் தாய் 'தேதா', தந்தை 'மாமா'. நம் திராவிட மொழிக் குடும்பத்திலேயே, மங்களூர்ப் பக்கத்துத் துளுவில் 'அப்பெ' என்றால் தாய், 'அம்மெ' என்றால் தந்தை.

அழைக்கும் சொல்லைவிட, அதைத் தொடர்ந்து வரும் 'நீ'யிலும் 'நீங்கள்' என்பதிலும் இன்னொரு விவாதம் ஒளிந்திருக்கிறது. தந்தையை 'நீங்கள்' என்றும் தாயை 'நீ' என்றும் சொல்லும் வீடுகளே மிகுதி. பாட்டியிடம் கேட்டபோது, 'நீங்க' என்றால் சோறு கேட்கத் தயங்குவான் என்றாள். அந்த வாதத்துக்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

தாய்ப் பெயர்களைப் பற்றிப் பேசும்போது, எங்கள் விழுப்புரம் சாலையின் மகிமையையும் இங்கே சொல்லியாக வேண்டும். நகரத்திலிருந்து புறப்பட்டு ரெட்டியார்பாளையத்தைக் கடந்து மேற்கே செல்லும் அவ்வழி வில்லியனூரை அடைகிறது. அங்கே திருக்காமீசுவரர் கோயிலில் கோகிலாம்பிகை அம்மன். சற்றுத் தொலைவில் லூர்து மாதா. ஈஸ்டருக்குப் பின் வரும் திருவிழாவுக்கு மாதாவை நோக்கி நடப்பவர்களும், தேரிழுக்க அம்மனை நோக்கிப் போகிறவர்களும் ஒரே சாலைப் புழுதியை மிதிப்பவர்கள். கிழக்கே கடலோரம், 1926-இல் ஆசிரமப் பொறுப்பை ஏற்ற பாரிஸ் மாது மீரா அல்பாசாவுக்கு ஆசிரமக் குழந்தைகள் பிரெஞ்சில் இனிய அன்னை என்று பொருள்படும் 'தூஸ் மேர்' என்ற விளியை வைத்துக்கொண்டார்கள்; தமிழன்பர்கள் 'ஸ்ரீ அன்னை' என்றார்கள்; ஊர் ஜனங்கள் இரண்டையும் விட்டு 'மதர்' என்றார்கள். தெற்கே, பிரெஞ்சுக் கொடி பறந்த மற்றோர் ஊரான காரைக்காலில் பிறந்த புனிதவதியாரோ, தாயே இல்லாத சிவபெருமானால் 'அம்மையே' என்று அழைக்கப்பெற்றதாகச் சேக்கிழார் பாடினார். அவருக்குப் பிள்ளைகள் இருந்ததாகப் புராணம் கூறவில்லை.

பாட்டி காலமான பின், பதினாறாம் நாள் காரியத்துக்குக் கருமாதிப் பத்திரிகை அச்சிட்டு வந்தார்கள். அச்சகத்தார் வழக்கமான வாசகத்தையே போட்டிருந்தார்கள்: 'எங்கள் அருமைத் தாயார்' என்று தொடங்கி, பாட்டியின் முழுப் பெயர், வயது, கீழே மக்கள் வரிசையில் முதலாவதாக என் தந்தையாரின் பெயர். மையின் ஈரம் உலராத அந்தக் காகிதத்தைக் கண்ணாடியணிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த என் தந்தையார், பிழை ஏதும் இருக்கிறதா என்று சித்தப்பா கேட்டதற்கு, "பிழை இல்லை, அண்ணி பெயர் எங்கே என்று தேடினேன்" என்றார்.